லினக்ஸ் ரவுட்டருக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்? நம்ம பக்கத்துக் கேள்விகள்

பாலக்கோடு: அண்ணே, வீட்டுல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு. அதுல ஓபன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டர் லினக்ஸைப் போட்டு ரவுட்டராக்கலாமா?

நல்லாவே ஓடும் தம்பி. ஆனா ராத்திரி பகல் அணையாம ஓடணும், கரன்ட் கணக்கப் பாருங்க. 60 வாட் இழுத்தா மாசம் 43 யூனிட். இன்டெல் என்100 பிராசஸர் போட்ட ஃபேன் இல்லாத மினி பிசி 10 வாட் இழுத்தா 7 யூனிட்தான். ரெண்டு மாசத்துக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசத்துல 86ஐ அந்தப் பழைய பெட்டியே தின்னுடும். கத்துக்கறதுக்கு மட்டும் வெச்சுக்கங்க.

ஓசூர்: வீட்டிலிருந்து ஐ.டி. வேலை, 300 எம்பிபிஎஸ் ஃபைபர். பையன் வீடியோ அப்லோட் பண்ணினா மீட்டிங்ல குரல் அறுந்துபோகுது. கையில ராஸ்பெர்ரி பை 4 இருக்கு, லேன் போர்ட் ஒண்ணுதான். போதுமா?

போதும். ரெண்டாவது போர்ட்டுக்கு ஒரு யூஎஸ்பி 3 ஈதர்நெட் அடாப்டர் போடுங்க. பை 3பி பிளஸ் வேண்டாம். அதோட கிகாபிட் போர்ட் உள்ளே யூஎஸ்பி 2 வழியாத்தான் போகுது, 300 எட்டறதே கஷ்டம். புதுசா வாங்கறதுன்னா ரெண்டு கிகாபிட் போர்ட் உள்ள நானோபை ஆர்4எஸ் பாருங்க.

உங்க பிரச்சினை வேகம் இல்ல, வரிசை. அப்லோட் பாக்கெட்டெல்லாம் மோடத்துல குவிஞ்சு நிக்கும், மீட்டிங் குரல் அதுக்குப் பின்னால மாட்டிக்கும். ஓபன்டபிள்யூஆர்டியில எஸ்க்யூஎம்ங்கற வரிசையை ஒழுங்குபடுத்தற வசதியைப் போட்டு, அதுல 'கேக்'ங்கற முறையைத் தேர்ந்தெடுத்து, லைன் வேகத்துல 90 சதவீதம் வெச்சுப் பாருங்க. பிராசஸருக்கு உண்மையான வேலை இங்கதான். வெறுமனே பாக்கெட்டைக் கடத்த சின்ன சிப்பே போதும். இதுக்குத்தான் தெம்பு வேணும்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை அலுவலகம்: சார், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல நாலு போர்ட் பெட்டி பார்த்தோம். ஒண்ணுல இன்டெல் ஐ225 நெட்வொர்க் சிப், இன்னொண்ணுல ஐ226. ரியல்டெக் கம்பெனி சிப் மோசம்ங்கறாங்களே?

ஐ226 எடுங்க. ஐ225ல ஆரம்ப ரிவிஷன்கள்ல சிப்பிலேயே கோளாறு. பெட்டிக்குள்ள எது இருக்குன்னு கடைக்காரருக்கே தெரியாது. ரியல்டெக்குக்குக் கெட்ட பேர் பெரும்பாலும் பிஎஃப்சென்ஸ்ங்கற ரவுட்டர் மென்பொருள் ஆட்களால வந்தது. அது ஓடறது ஃப்ரீபிஎஸ்டிங்கற வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துல, லினக்ஸ்ல அவ்வளவு தொல்லை இல்ல. பென்டிரைவ்ல லினக்ஸ் கொண்டுபோய்க் கடையிலேயே பூட் பண்ணி உள்ளே இருக்கற சிப்பைக் காட்டற எல்எஸ்பிசிஐ கமாண்டை அடிங்க. ஐ226-வின்னு நாலு வரி வந்தாத்தான் காசைக் கொடுங்க.

அரூர்: ரவுட்டர் பெட்டிக்குள்ளேயே வைஃபை கார்டு போட்டுக்கலாமா அண்ணா?

வேண்டாம்மா. இன்டெல் வைஃபை கார்டு 5 கிகாஹெர்ட்ஸ்ல ஆக்சஸ் பாயின்ட்டா, அதாவது மத்ததுக்கு வைஃபை கொடுக்கற கருவியா, ஓட மறுக்கும். பழைய வைஃபை ரவுட்டர்ல ஐபி முகவரி கொடுக்கற டிஹெச்சிபியை அணைச்சு, அதோட லேன் போர்ட்டுல உங்க ரவுட்டர் ஒயரைச் செருகுங்க, போதும்.

பென்னாகரம்: வயர்கார்டு விபிஎன்னுக்கு, ஏஇஎஸ் குறியாக்கத்தை வேகமாச் செய்யற வசதி உள்ள பிராசஸர்தான் வேணுமா? கரன்ட் போனா என்ன பண்றது?

வயர்கார்டுக்கு அது தேவையில்ல, ஓப்பன்விபிஎன்ங்கற இன்னொரு விபிஎன்னுக்குத்தான் உதவும். கரன்ட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ். வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியோட அடாப்டர்ல ஆம்பியரைப் படிங்க. பல மினி யூபிஎஸ் 2 ஆம்பியருக்கு மேல தராது. ஃபைபர் மோடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்க, அது அணைஞ்சா ரவுட்டர் மட்டும் ஓடிப் பிரயோஜனமில்ல.