மகள் வீடு எந்த எழுத்தில் இருக்கிறது?

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் வீடு வாங்கியிருக்கிறது. வெள்ள அபாயப் பகுதி இல்லை என்று வங்கியிலேயே சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் ஹரிகேன் புயல் வந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம்தானே?
- ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: அதை வங்கி சொல்ல முடியாது அம்மா. அங்கே இரண்டு வரைபடங்கள் உண்டு. வங்கி பார்ப்பது வெள்ளக் காப்பீட்டுக்கானது. ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லும்போது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் பார்ப்பது வேறு. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டு, ஏ முதல் ஈ வரை எழுத்து கொடுத்துப் பிரித்த மண்டலங்கள் அவை. ஏ மண்டலத்தைத்தான் முதலில் காலி செய்யச் சொல்வார்கள். மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் லேசான வீடு) இருப்பவர்கள் எழுத்தே பார்க்க வேண்டாம், முதல் உத்தரவிலேயே கிளம்ப வேண்டியதுதான்.

தனுஷ்கோடியை 1964இல் கடல் கொண்டுபோன கதையை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் டாம்பாவுக்கு நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே போய், வெகு வடக்கே கரையேறியது, ஆனாலும் டாம்பா விரிகுடா ஓரத்து வீடுகளுக்குள் கடல் புகுந்துவிட்டது. அடுத்த இரண்டே வாரத்தில் மில்டன் புயல் நேராக டாம்பாவுக்கே வருகிறது என்று ஊரே நடுங்கியது, அது கொஞ்சம் தெற்கே விலகி சியெஸ்டா கீ என்ற தீவில் கரையேற, அங்கே இடஞ்சுழியாகச் சுற்றும் காற்று புயலுக்கு வடபக்கம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் என்பதால், விரிகுடாத் தண்ணீர் உள்வாங்கிப் போனது. (அதற்காக மில்டனைச் சாது என்று நினைக்காதீர்கள். டாம்பாவுக்குப் பக்கத்து ஊரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராபிகானா ஃபீல்டு மைதானத்தின் கூரையே கிழிந்தது.) ஆக, புயல் எத்தனையாம் வகை, எங்கே கரையேறும் என்று டிவி சொல்வதை மட்டும் வைத்து இருப்பதா போவதா என்று முடிவெடுத்தால் ஏமாந்து போவீர்கள்.

கேள்வி: கிளம்புவதென்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: மேடான இடத்தில் உறுதியான வீடு வைத்திருக்கும் நண்பர் வரை. சில பத்து மைல் போதும் என்றுதான் அங்குள்ள அதிகாரிகளும் சொல்கிறார்கள். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததைப் பார்த்த பயத்தில், அடுத்து ரீட்டா புயல் வருகிறது என்றதும் டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதியிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரேயடியாக நெடுஞ்சாலையில் இறங்கினார்கள். வெயிலில், நகராத வண்டிகளில், பலர் செத்துப்போனார்கள்; முதியோர் இல்லத்துக்காரர்களை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பிடித்து 23 பேர் பலி. புயலோ ஹூஸ்டனை விட்டுக் கிழக்கே ஒதுங்கிவிட்டது. எனவே உத்தரவு வந்ததும் சீக்கிரம் கிளம்புங்கள், கிட்டத்திலேயே தங்குங்கள். உத்தரவு வராத மண்டலத்துக்காரர்கள் முந்திக்கொண்டு சாலையை அடைக்காமல் இருப்பதும் ஒரு உதவிதான்.

கேள்வி: வெள்ளக் காப்பீடு எப்போது எடுப்பது?
- அதே கோவை வாசகர்

பதில்: இப்போதே. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசுத் திட்டத்தில் எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஹரிகேன் பருவம் தொடங்குவது ஜூன் 1.