கணினி கேள்வி பதில்: மாமியின் பட்டையில் அண்ணனின் சதவீதம்

கேள்வி: உப்புவெளியில் கல்யாண வீடியோ ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். உறவினர்கள் போனில் எடுத்த வீடியோக்களை அனுப்ப எங்கள் தளத்தில் ஒரு பக்கம் செய்திருக்கிறோம். ஜாவாவில் எழுதியது, டொம்கட் சேர்வரில் ஓடுகிறது, ஃபைலை வாங்குவது கொமன்ஸ் ஃபைல்அப்லோட் நூலகம். ஒருவர் அனுப்பினால் அப்லோட் பட்டை ஒழுங்காக ஓடுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் 62 சதவீதத்தில் இருந்தது 9க்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ‘சிங்க்ரனைஸ்ட்’ பூட்டைப் போட்டேன். இப்போது முதலாமவர் முடிக்கும்வரை இரண்டாமவருக்குப் பட்டை அசைவதே இல்லை.

பதில்: நீங்கள் அனுப்பிய நிரலைப் படித்தேன். சிக்கல் மேலேயே இருக்கிறது. வாசித்த பைட், மொத்த பைட் இரண்டையும் சேர்வ்லெட்டின் (கோரிக்கைகளைக் கையாளும் உங்கள் ஜாவா வகுப்பின்) வகுப்பு மாறிகளாக வைத்திருக்கிறீர்கள். டொம்கட் உங்கள் சேர்வ்லெட்டை ஒரேயொரு பொருளாகத்தான் உருவாக்கும். வருகிற கோரிக்கைகள் எல்லாம் தனித்தனி த்ரெட்டில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை இழைகளில், அந்த ஒரே பொருளுக்குள் ஓடும். டொம்கட்டின் வழக்கமான உச்சவரம்பு 200 த்ரெட். ஆக, கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் அனுப்பும் 900 மெகாபைட்டும், பக்கத்துத் தெரு மாமி அனுப்பும் 40 மெகாபைட்டும் ஒரே கரும்பலகையில் அழித்து அழித்து எழுதப்படுகின்றன. அண்ணனின் எண்ணிக்கையை மாமியின் மொத்தத்தால் வகுத்தால் 100ஐத் தாண்டியும் காட்டும்.

பூட்டுப் போடுவது இதற்கு மருந்தல்ல. அப்லோட் முழுவதையும் பூட்டினால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எண்ணை எழுதும் வரியை மட்டும் பூட்டினாலும் இருவர் கணக்கும் கலந்தபடியேதான் இருக்கும். பகிரவே கூடாததைப் பகிர்ந்திருக்கிறீர்கள். அதைப் பிரித்து வைப்பதுதான் வழி.

ஃபைல் புறப்படுமுன், யாரும் ஊகிக்க முடியாத ஓர் அடையாள எண்ணைப் பிரவுசரே உண்டாக்கி, கோரிக்கை போகும் இணைய முகவரியோடு சேர்த்து அனுப்பட்டும். படிவத்துக்குள் வைத்தால் ஃபைலுக்குப் பின்னால்கூட வந்து சேரலாம், அப்போது பயனில்லை. சேர்வ்லெட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு புரோகிரஸ் லிசனரை (எத்தனை பைட் வந்தது என்று எண்ணும் பொருளை) உருவாக்கி, அந்த எண்ணின் பெயரில், பல த்ரெட் ஒரே நேரத்தில் தொட்டாலும் குழம்பாத ‘கொன்கரன்ட் ஹாஷ்மப்’ பட்டியலில் வைக்கட்டும். பட்டைக்காகச் சதவீதம் கேட்டு வரும் கோரிக்கை இன்னொரு த்ரெட்டில் வரும்; அது அதே எண்ணைக் கொண்டு தன் லிசனரை மட்டும் படிக்கும். எழுதுவது ஒரு த்ரெட், படிப்பது வேறொன்று என்பதால் பைட் எண்ணிக்கையை ‘வொலட்டைல்’ என்று அறிவியுங்கள். இல்லாவிட்டால் பழைய மதிப்பே தெரிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்தது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். லிசனரின் கோல்பேக்குக்குள், அதாவது ஃபைல் வர வர நூலகம் அழைக்கும் பகுதிக்குள், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் எழுதுகிறீர்கள். அந்தக் கோல்பேக் ஓடுவது ஃபைலை வாசித்துக்கொண்டிருக்கும் அதே த்ரெட்டில். அது எழுதி முடிக்கும்வரை வாசிப்பு நிற்கும். அதற்குள் ஒரு பிழை எறியப்பட்டால் அப்லோடே முறியும். பெரிய வீடியோவுக்கு அது எத்தனை ஆயிரம் தடவை அழைக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள்! கோல்பேக்குக்குள் எண்ணை மாற்றுங்கள், அவ்வளவுதான். எங்காவது எழுதியே ஆகவேண்டும் என்றால் மெகாபைட்டுக்கு ஒரு முறை போதும்.

மொத்த அளவு சில நேரம் -1 என்று வரும். நீளம் முன்கூட்டித் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது சதவீதம் கணக்கிடாமல் வந்து சேர்ந்த மெகாபைட்டைக் காட்டுங்கள். வேலை முடிந்தாலும் பாதியில் அறுந்தாலும் எப்படியும் ஓடும் ‘ஃபைனலி’ பகுதியில், ஹாஷ்மப்பில் உள்ள அந்த எண்ணின் பதிவில் ‘முடிந்தது’ அல்லது ‘தோல்வி’ என்று குறியுங்கள். சில நிமிடம் கழித்து நீக்குங்கள். உடனே நீக்கினால் கடைசியாகக் கேட்கும் பிரவுசருக்குப் பதில் கிடைக்காது. நீக்காமலே விட்டால் நினைவகம் மெல்ல நிரம்பும்.

கேள்வி: எங்கள் பட்டை வெகுநேரம் பூச்சியத்தில் நின்றுவிட்டு ஒரேயடியாக 100க்குப் பாய்கிறது. நிரலுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் சேர்வர் இருக்கிறது. (வாசகி, மூதூர்)

பதில்: என்ஜின்எக்ஸ் வழக்கப்படி முழுக் கோரிக்கையையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் உங்கள் நிரலுக்குக் கொடுக்கும். உள்ளே இருக்கிற கோல்பேக்குக்கு எல்லாம் ஒரு நொடியில் வந்ததாகவே தெரியும். ‘ப்ரொக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங்’ அமைப்பை நிறுத்தலாம் தங்கச்சி, ஆனால் நான் நிறுத்தமாட்டேன். சிக்னல் மெலிந்த ஒரு போன் அரை மணி நேரம் அனுப்பினால் உங்கள் த்ரெட் ஒன்று அரை மணி நேரம் அதற்கே கட்டுப்பட்டுக் கிடக்கும். பட்டைக்கு, எவ்வளவு அனுப்பியாயிற்று என்று பிரவுசரே சொல்லும் எக்ஸ்எச்ஆர் அப்லோட் புரோகிரஸ் நிகழ்வே போதும். அது 100 காட்டியதும் ‘சேமிக்கிறோம்’ என்று எழுதுங்கள், சேர்வரின் பதில் வந்ததும் ‘முடிந்தது’ என்று மாற்றுங்கள். அப்புறம், என்ஜின்எக்ஸ் வழக்கமாக 1 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது, 413 பிழை தரும். அந்த வரம்பையும் உயர்த்துங்கள்.

கேள்வி: பைதன் சேர்வரில் சதவீதம் கேட்டால் ஒரு தடவை சரியாக வருகிறது, மறுதடவை ‘இல்லை’ என்கிறது. (மாணவர், கிண்ணியா)

பதில்: நீங்கள் ஓட்டுவது பல புரொசஸ் (ஒரே நிரலின் தனித்தனி ஓட்டங்கள்), தம்பி. ஒன்றின் நினைவகத்தில் எண்ணிக்கையை வைத்திருக்கும் பைதன் அகராதி (டிக்ஷனரி) மற்றதற்குத் தெரியாது. கேள்வி எந்தப் புரொசஸுக்குப் போகிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. எண்ணிக்கையை, எல்லாப் புரொசஸும் பகிரக்கூடிய ரெடிஸ் சேமிப்பகத்தில் வையுங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் காலாவதி நேரமும் கொடுங்கள்.