‘என்டர் தி டிராகன்’ படத்தில் யாருக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். சீனர், கறுப்பர், வெள்ளையர் என மூன்று வீரர்களை முன்னிறுத்தி 1973-லேயே எடுக்கப்பட்ட இந்த ஹாலிவுட் படம், எல்லா இனத்தவருக்கும் சமமான இடம் கொடுத்தது என்று சொல்லலாமா?
– வாசகர், கோவை

பதில்: இடம் கொடுத்தது; சமமாகக் கொடுக்கவில்லை. ஆனால், அந்த இடமே அன்று எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ‘தி கிரீன் ஹார்னெட்’ தொலைக்காட்சித் தொடரில் (1966–67) வெள்ளை நாயகனுக்குக் காரோட்டும் முகமூடி உதவியாளராக வந்த புரூஸ் லீ, ஹாலிவுட்டில் நாயக வேடம் கிடைக்காமல் ஹாங்காங் சென்று, அங்கே நடித்த படங்களின் பெரும் வசூலைக் கொண்டுதான் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் கவனத்தைப் பெற்றார். 1973 ஆகஸ்டில் படம் அமெரிக்காவில் வெளியானபோது அவர் உயிருடன் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சமமின்மை எங்கே என்று பார்க்க, ஜிம் கெல்லி நடித்த வில்லியம்ஸின் கதையைப் பின்தொடர்ந்தால் போதும். லாஸ் ஏஞ்சலீஸில் கறுப்பின வீரர்கள் பயிலும் கராத்தே கூடத்திலிருந்து வெளியே வருபவரை இரண்டு வெள்ளைப் போலீஸ்காரர்கள் காரணமின்றி மறித்துச் சீண்ட, அவர் இருவரையும் வீழ்த்திவிட்டு அவர்களுடைய காரிலேயே கிளம்பிப் போகிறார். ஹாங்காங்கில் படகுக் குடிசைகளைக் கண்டதும், சேரிகள் உலகெங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்கிறார். ஒரு சண்டைப் படத்தில் கறுப்பின மனிதரின் அன்றாட அனுபவமும், இன்னொரு நாட்டு ஏழைகள்மீது அவர் காட்டும் கரிசனமும் இவ்வளவு இயல்பாகப் பதிவானது சாதாரண விஷயம் அல்ல.

இத்தனை கவனமாக உருவாக்கிய மனிதரைப் படம் பாதியிலேயே கொன்றுவிடுகிறது. வில்லன் ஹானின் தீவில் நடக்கும் சண்டைப் போட்டிக்கு வந்த இடத்தில், இரவில் அவனுடைய காவலாளிகளைத் தாக்கியவர் லீ (புரூஸ் லீயின் பாத்திரத்துக்கும் அதே பெயர்தான்); ஹான் சந்தேகப்படுவதோ வில்லியம்ஸை. லீ செய்த காரியத்துக்காக அவர் அடித்துக் கொல்லப்படுகிறார். அதோடும் விடவில்லை. ஜான் சாக்ஸன் நடித்த வெள்ளைக்காரரான ரோப்பரை மிரட்டிப் பணியவைக்க, அவர் கண்ணெதிரே வில்லியம்ஸின் உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டுக் கீழே இறக்குகிறார்கள். மனம் மாறுவதற்கும் நண்பனுக்காகக் கோபப்படுவதற்கும் இறுதிவரை உயிரோடிருப்பதற்கும் வாய்ப்புப் பெறுபவர் ரோப்பர்தான். இயக்குநர் ராபர்ட் கிளவுஸ் மறு ஆண்டே ‘பிளாக் பெல்ட் ஜோன்ஸ்’ படத்தில் கெல்லியை நாயகனாக்கினார் என்பது ஓரளவு ஆறுதல்.

பெண்களின் நிலை இதைவிட மோசம். ஹானின் தீவில் பெரும்பாலான பெண்கள் விருந்தினர்முன் வரிசையாக நிறுத்தப்பட்டுத் தேர்வு செய்யப்படும் பொருள்களாகவே காட்டப்படுகிறார்கள். லீயின் சகோதரியாக வரும் ஏஞ்சலா மாவோ, துரத்தி வரும் ஆண்கள் கூட்டத்தைச் சந்துகளில் ஒற்றை ஆளாக எதிர்த்து, ஒருவர்பின் ஒருவராக உதைத்துத் தள்ளும் காட்சி, படத்தின் சிறந்த சண்டைகளில் ஒன்று என்பேன். அதன் முடிவில், தப்ப வழியின்றி, உடைந்த கண்ணாடித் துண்டால் அவர் தன் உயிரைப் போக்கிக்கொள்கிறார். ஹாங்காங்கில் ‘ஹாப்கிடோ’ (1972) போன்ற படங்களில் நாயகியாகவே நின்று சண்டையிட்ட நடிகைக்கு, இங்கே அண்ணன் பழிவாங்குவதற்கு ஒரு காரணமாக இருப்பதற்கு மேல் வேலையே கொடுக்கப்படவில்லை.