பிஎச்.டி.க்கும் சேர்த்து மனையை விற்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஜெர்மனியின் முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயே பிஎச்.டி.யும் முடிக்க விரும்புகிறாள். ஆறேழு ஆண்டுச் செலவுக்காக மனையை விற்கலாமா? ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது இரண்டு ஆண்டுச் செலவுக்குத்தான்.

முதலில் அந்த ‘இலவச’க் கதை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது இன்றும் பொருந்தும். உங்கள் மகள் சேரப்போகும் இடத்துக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேருபவர்களிடம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் அங்கே கட்டணம் வாங்குகிறார்கள். முதுநிலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால், நான்கு பருவத்துக்கு 16 முதல் 24 லட்சம். படிப்பு ஐந்தாம் பருவத்துக்கு நீள்வது அங்கே சகஜம். அதற்கும் ஒரு பருவத் தொகையை ஒதுக்குங்கள். விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோ கட்டணம் அல்ல. மாதம் 992 யூரோவாக மகளின் கைக்கே திரும்பும். ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவு, வாடகை எல்லாம் அதுதான். முனிச் வாடகைக்கு அது இறுக்கமாகவே இருக்கும்.

ஆக, கட்டணத்தோடு ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால், ஐந்தாம் பருவம் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு 40 முதல் 48 லட்சம். ஆனால் மொத்தமும் இன்றே தேவையில்லை. முதல் பருவக் கட்டணமும் ஓராண்டு வாழ்க்கைச் செலவும் கையில் இருந்தால் விமானம் ஏறலாம்.

பிஎச்.டி. வேறு கணக்கு. அந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பலர் ஒப்பந்த ஊழியராகவே சேருகிறார்கள். அரசு ஊதிய அட்டவணையின் ‘இ 13’ நிலையில், முழுப் பணியிடத்துக்குப் பிடித்தம் போவதற்கு முன் மாதம் 4,000 யூரோவுக்கு மேல். கவனிக்க வேண்டியது ‘முழு’ என்ற சொல்லை. பல துறைகளில் பாதி அல்லது முக்கால் பணியிடம்தான் தருவார்கள், சம்பளமும் அந்த விகிதம்தான். அதோடு, எம்.எஸ்சி. முடித்தவுடன் இடம் தானாக வராது. பேராசிரியர் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கல்விக் கடன் இடிக்கும். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அப்போது மகள் பாதிச் சம்பளத்தில் இருந்தால் தவணை உங்கள் தலையில்தான். அதனால் முழுத் தொகைக்கும் கடன் வாங்காதீர்கள். முதல் ஆண்டுச் செலவை வைப்புநிதியிலிருந்து எடுங்கள். மீதிக்கு மனையை ஈடாக வைத்துக் கடன் கேளுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனை என்றால் வங்கியில் வேலை சுலபம். விவசாய நிலத்துக்குத் தயங்குவார்கள்.

பழைய வரி முறையில் இருந்தால், கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை. வங்கிக் கடனிலிருந்து அனுப்பும் கல்விப் பணத்துக்கு டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணம் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.