கேள்வி–பதில்: சுவருக்கு அந்தப் பக்கம்

கேள்வி: ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் செய்த மாடலை, ஆற்றல் கணக்குக்கான ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பாக்கி, எனர்ஜிப்ளஸ் என்ற ஆற்றல் சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டினேன். உட்சுவர்கள் பலவற்றை வெளிச்சுவர் என்கிறது. குளிரூட்டும் சுமை நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருக்கிறது. எந்தச் சுவரைத் திருத்த வேண்டும்?

பதில்: எந்தச் சுவரையும் தொட வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜிபிஎக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு பரப்பும் எந்த ஸ்பேஸை (மாடலில் அறை போன்ற இடங்களுக்கு வைக்கும் கன அளவை) ஒட்டியிருக்கிறது என்ற குறிப்பு உண்டு. இரண்டு ஸ்பேஸ் இருந்தால் அது உட்சுவர். ஒன்றுதான் என்றால் அப்பால் வெட்டவெளி என்று கொண்டு, வெயிலையும் காற்றையும் அதன்மேல் ஏற்றிவிடும்.

படிக்கட்டு, லிஃப்ட் குழி, குழாய் டக்ட், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள வெற்றிடம் ஆகியவற்றில்தான் ஸ்பேஸ் வைக்க மறப்போம். ஏசி இல்லாத இடத்துக்கும் ஸ்பேஸ் வேண்டும். குளிரூட்டப்படாதது என்று குறித்தால் போதும்.

வைத்த ஸ்பேஸும் மூடியிருக்க வேண்டுமே. முதலில், பரப்பளவை மட்டும் கணக்கிடும் அமைப்பை மாற்றி, கன அளவையும் கணக்கிடச் செய்யுங்கள். ஸ்பேஸின் மேல் எல்லை அடுத்த தளத்தைத் தொட வேண்டும். இடையே அரை அடி விட்டாலும் அங்கே யாருக்கும் சொந்தமில்லாத ஓர் அடுக்கு உருவாகும். ஆர்க்கிடெக்ட்டின் கோப்பை லிங்க் செய்து வேலை செய்கிறீர்கள் என்றால், அந்த லிங்க்கின் டைப் பண்புகளில் ‘ரூம் பவுண்டிங்’ (அறைக்கு எல்லையாகக் கொள்வது) டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ரெவிட்டுக்கு அந்தச் சுவர்களே தெரியாது. தனித்து நிற்கும் தூண்களுக்கு நேர்மாறாக, ‘ரூம் பவுண்டிங்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு தூணும் அறையைக் குடைந்து துண்டுப் பரப்புகளைப் பெருக்கும்.

ஏற்றுமதிக்கு முன் ஒரு செக்ஷன் வெட்டி, ஸ்பேஸ்களுக்கு நிறம் கொடுங்கள். நிறமில்லாத இடமெல்லாம் ஓட்டை.

கேள்வி: ஜிபிஎக்ஸ்எம்எல்லை விட்டு ஐஎஃப்சிக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: தீராது. ஐஎஃப்சி (ஐஎஸ்ஓ 16739) என்ற பொதுக் கோப்பு வடிவம் கட்டடம் முழுவதையும் சொல்வது. ஆற்றல் கணக்குக்கு அதில் இரண்டாம் நிலை ஸ்பேஸ் எல்லைகள் வேண்டும். நடைபாதையின் ஒரே சுவருக்குப் பின்னால் மூன்று அறைகள் என்று வையுங்கள். முதல் நிலையில் அது ஒரே பரப்பு. இரண்டாம் நிலையில் அறைக்கு ஒன்றாக மூன்று. ஏற்றுமதி அமைப்பில் இதைத் தேர்ந்தெடுக்காமல் அனுப்பிவிட்டு, சிமுலேஷன் மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை. ஸ்பேஸ் சரியாக இருந்தால், ஆற்றல் கணக்கு மட்டுமே நோக்கமென்றால், ஜிபிஎக்ஸ்எம்எல்லே எளிது.

கேள்வி: வடிவம் சரியாக வந்தும் விடை ஒத்துவரவில்லையே?

பதில்: பொருள்களைப் பாருங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் தடிமன், வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் நான்கும் வேண்டும். எனர்ஜிப்ளஸ் தடிமனை மீட்டரில் கேட்கும்: 200 மி.மீ. சுவர் 0.2. வரைபடத்துக்காகப் பெயர் மட்டும் வைத்த பொருள்களில் இந்த எண்கள் பெரும்பாலும் காலி. தெர்மோகோலுக்குக் கடத்துதிறன் 0.035 முதல் 0.04 வரை (வாட்/மீட்டர்-கெல்வின்), அங்கே கான்கிரீட்டின் எண் உட்கார்ந்திருந்தால் இன்சுலேஷன் போட்டும் போடாததுபோல்தான். ஜன்னலுக்கு யூ-மதிப்பும் (வெப்பம் கடக்கும் அளவு) சூரிய வெப்ப ஈட்டுக் கெழுவும் (வெயிலின் வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு) போதும். ஆனால் வட்ட, வளைவு ஜன்னல்களைச் செவ்வகமாக்கிவிடுங்கள். நான்கு முனைக்கு மேல் எனர்ஜிப்ளஸ் ஜன்னலை ஏற்காது.

மாடலின் வடக்கும் உண்மை வடக்கும் வேறாக இருந்தால், அந்தக் கோணம் எனர்ஜிப்ளஸ் கோப்பில் வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது விட்டுப்போனால் மேற்கு வெயில் வேறு சுவரில் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது.