மனைவிக்குக் காது இரையும், கச்சேரிக்குக் கூட்டிப்போகலாமா?

மனைவிக்குப் பிடித்த பாடகரின் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் எடுத்துவிட்டேன், போன தடவை இரண்டு நாள் அவருக்குக் காது இரைந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்க, இடத்தை மட்டும் மாற்றுங்க. முன்வரிசை, ஸ்பீக்கர் வாயிலேயே உட்கார்ந்த கணக்கு. மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்தில் கிடைத்தால் விடாதீங்க. சவுண்ட் இன்ஜினியர் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வது அங்கிருந்துதான். 85 டெசிபெல் அளவுச் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம்; 100 ஆனால் கால் மணி நேரம்தான். கச்சேரிச் சத்தம் அந்த அளவுக்குப் போகலாம், அதனால் இசைக்கலைஞர்கள் போடும் காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்கிடுங்க. சாதாரண நுரை அடைப்பான் மேல்ஸ்தாயியை விழுங்கிவிடும், அவர் ஆசைப்பட்ட குரலே மந்தமாகக் கேட்கும். இதுவோ எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். முதல் பாட்டுக்கு முன்பே மாட்டிக்கணும். இரைச்சல் இன்னமும் இருந்தால், கச்சேரிக்கு முன் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டிடுங்க.