டீசல் லிட்டரையும் மின்சார யூனிட்டையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். டெல்டா ரயில்களின் எரிசக்திச் செலவு இருபது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று ப்ராஜெக்ட் செய்கிறேன். லிட்டருக்குப் பத்து யூனிட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மின்மயமான பிறகு செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நம்பலாமா?

பதில்: அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு லிட்டர் டீசலில் கிட்டத்தட்ட பத்து யூனிட் வெப்பம் இருப்பது உண்மைதான். ஆனால் சக்கரத்துக்கு வந்து சேர்வது அதில் சுமார் மூன்று. மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். மின்சார இன்ஜினோ கம்பியிலிருந்து எடுப்பதில் எண்பது சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இதன் இழப்பு முன்பே அனல்மின் நிலையத்தில் நடந்துவிட்டது: அங்கே ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய மூன்று யூனிட் அளவுக்கு நிலக்கரி வெப்பம் எரிகிறது. நீங்கள் டீசலை டேங்கில் அளந்தீர்கள், மின்சாரத்தைக் கம்பியில் அளந்தீர்கள். அதனால்தான் அவ்வளவு பெரிய இறக்கம். இரண்டையும் சக்கரத்தில் அளங்கள், அல்லது இரண்டையும் மூல எரிபொருளில் அளங்கள். இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கையும் அதில்தான் நேர்மையாகக் காட்ட முடியும்.

அடுத்தது, எந்த ஊர்க் கணக்கு என்பது. திருச்சி கோட்டத்தின் மொத்தத்தை டெல்டா என்று எழுதாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வராமல் விருத்தாசலம் வழியாகப் போகும் குறுக்குப் பாதையான கார்டு லைனும் அதில் அடக்கம். தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் அந்த வழிதான். டீசல் நிரப்பிய இடமும் உதவாது. திருச்சியில் பொன்மலையில் நிரப்பியதை இன்ஜின் எங்கே எரித்ததோ!

அதனால் ஒவ்வொரு வண்டியாகக் கணக்கைக் கட்டுங்கள். திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்குச் சுமார் 120 கிலோமீட்டர். பத்துப் பெட்டி, பெட்டிக்கு 40 டன் என்று வைத்தால் 48,000 டன் கிலோமீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கியது). ரயில்வேயின் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் ஆயிரம் மொத்த டன் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர், எத்தனை யூனிட் என்று இருக்கும். தெற்கு ரயில்வேக்கு உரியதை எடுத்து 48-ஆல் பெருக்குங்கள். பயணிகள் வண்டிக்கும் கூட்ஸுக்கும் தனித்தனி எண். நின்று நின்று போகும் பாசஞ்சருக்கு டன்னுக்கு அதிகம் செலவாகும். நெல் ஏற்றும் கூட்ஸ் அறுவடையை ஒட்டிக் கூடும் என்பதால் மாதக் கணக்கு வேண்டாம், ஆண்டுக் கணக்கே எடுங்கள்.

அப்புறம், பாதை மூடிக்கிடந்த ஆண்டுகள். அகலப்பாதை வேலை முடிந்து விழுப்புரம்–மயிலாடுதுறை திறந்தது 2010-ல், திருவாரூர்–பட்டுக்கோட்டை 2019-ல். அந்த வேலை நடந்த ஆண்டுகளில் செலவு பூஜ்யமானது வண்டியே ஓடாததால்தான். வரைபடத்தில் அங்கே கோட்டை இழுக்காமல் இடைவெளி விடுங்கள்.